கண்ணாடிக்காரப் பொண்ணு

கொஞ்சம் இருங்க தம்பி. பசை வாளியக் கீழ வைங்க. கிழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. நானா? இதே பஸ் ஸ்டாப்புலதான் மாங்கா கீறி மொளகாப்பொடி தூவி விக்கிறேன். இந்தக் குவாடலஹாரா ஊரு வெயில்ல நாள் பூரா இந்த விளம்பரப் படத்தப் பாத்துக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன்.

நல்ல படம்னு சொல்ல வரல. மூக்குக்கண்ணாடி விக்கிறவனுக்குக் கடல் எதுக்கு, சொல்லுங்க? இந்தப் புள்ள போட்டிருக்கிற கண்ணாடி ரெண்டுலயும் அலையடிக்குது. பக்கத்து வீட்டு ஒதிலியாக்கா இத டூர் கம்பெனின்னு நெனச்சு, கடற்கரைக்கு டிக்கெட் எவ்வளவுன்னு கேட்டுக்கிட்டு அந்தக் கடைக்கே போயிட்டா. எதுத்தாப்புல கேமரா விளம்பரம் பாருங்க, ஆள் ஒசரத்துக்கு ஒத்தக் கண்ணு. ஒரு பெரியவர் கண்புரைக்கு மருந்து கேட்டு அந்தக் கேமராக் கடையில படியேறினாரு. நீங்க இப்ப ஒட்டப் போறது என்ன, அதுவும் கண்ணுதானா?

சிரிக்கிறீங்க. இந்த பிரேம்ல கண்ணாடியே கிடையாது, தெரியுமா? படம் புடிக்கையில வெளிச்சம் பட்டுக் கூசும்னு கழட்டிட்டாங்க. கடல் அப்புறம் கம்ப்யூட்டர்ல ஒட்டினது. இந்தப் புள்ளைக்குப் பார்வையில ஒரு கொறையும் கெடையாது. தெருக்கோடியில வர்ற பஸ் நம்பர இங்கருந்தே படிப்பா.

எனக்கெப்படித் தெரியுமா? கீழ நான் ஒட்டியிருக்கிற தாளப் பாருங்க. காணவில்லைன்னு போட்டிருக்கில்ல. ஆமா, அதே மூஞ்சிதான். என் மக யாத்ஸிரி. இந்தப் படம் எடுத்த மறு மாசம் வேலைக்குப் போனவ, வீடு திரும்பல. போலீஸ்ல சொல்லப் போனா, ஊரெல்லாம் இவ மூஞ்சிதானேம்மா, நடிக்கக் கிடிக்கப் போயிருப்பா, வந்துருவாங்கறான்.

என் தாளையும் கடைக்காரன் ஒட்டினதுன்னே சனம் நெனைக்குது. அந்த நம்பருக்குப் போன் போட்டு, பிரேம் என்ன விலை, பழசக் குடுத்தா புதுசு தருவீங்களாங்கறாங்க. மொதல்லல்லாம் திட்டிக்கிட்டு இருந்தேன். இப்பல்லாம் விலையச் சொல்லிட்டு, அந்தப் புள்ளைய எங்கயாவது பாத்தீங்களான்னு கேக்குறேன். பாத்தேனே, பஸ் ஸ்டாப்புலங்கறாங்க.

இருந்தாலும் விட்டு வைங்க தம்பி. காணாமப்போன புள்ளைங்க தாள் இந்த ஊர்ல எந்தச் சுவத்துல இல்ல? எவன் நின்னு படிக்கிறான்? மேல இவ இம்மாம் பெருசா இருக்கறதாலதான் கீழ இருக்கறத ஒண்ணு ரெண்டு பேராவது குனிஞ்சு பாக்குறாங்க.