கம்பிக்கு இந்தப் பக்கம்

நாயை அடித்து வளர்ப்பவர்களை எனக்குப் பிடிக்காது. அடி வாங்கிய நாய்க்கு அடித்தவனின் கைதான் ஞாபகம் இருக்கும். எதற்காக அடி வாங்கினோம் என்பது தெரியாது. எங்கள் கென்டக்கி மலைப்பக்கத்தில் வேட்டை நாயைப் பெல்ட்டைக் கழற்றி விளாசுகிறவர்கள் நிறையப் பேர். நீங்களே பார்த்திருப்பீர்கள். என் நாய் மேபல் மீதோ அவள் மகன் ஸ்கௌட் மீதோ நான் ஒரு தடவைகூடக் கை ஓங்கியதில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த விசாரணையில் நீங்கள் கேட்கிற தினுசைப் பார்த்தால் என்னை முரடன் என்று முடிவு கட்டிவிட்டது போலத் தெரிகிறது.

எங்கள் கொல்லைக்கு வேலி கிடையாது. சுற்றிலும் மண்ணுக்குள் ஒரு கம்பியைப் புதைத்து மின்சாரம் கொடுத்திருந்தேன். நாயின் கழுத்துப்பட்டையில் இரண்டு உலோகக் குமிழ்கள் தொண்டையைத் தொட்டபடி இருக்கும். கம்பியை நெருங்கினால் பட்டை ‘பீப்’ என்று எச்சரிக்கும். கேட்காமல் மேலே போனால் ஷாக். நான் எந்தப் பொத்தானையும் அழுத்த வேண்டியதில்லை, நாய் தானாகப் போய் வாங்கிக்கொள்ளும். பழக்குவதற்காகக் கம்பி நெடுகச் சின்ன வெள்ளைக் கொடிகளை நட்டேன். இரண்டும் கெட்டிக்கார நாய்கள், சீக்கிரமே எல்லையைத் தெரிந்துகொண்டன. கொடிகளைப் பிடுங்கிவிட்டேன்.

கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி போட்ட திருடன் மாதிரி அலையும் காட்டுப் பிராணிகள், அந்த ரக்கூன்களுக்குத்தான் பட்டை கிடையாது. அவை ஓடைப் பக்கமிருந்து இஷ்டம்போல வரும், போகும். நாய்கள் எந்த இடத்தில் நின்றுவிடும் என்பதை அவையும் தெரிந்துவைத்திருந்தன.

என் மாமனார் ஹோபர்ட் எங்களோடு இருந்தார். காலமெல்லாம் நிலக்கரி லாரி ஓட்டியவர். மாமியார் லூவெல்லா போன பிறகு மறதி பிடித்துக்கொண்டது. காலையில் சாப்பிட்டது மத்தியானம் தெரியாது. என் மனைவி ரோண்டாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவையறையில் மத்தியான ஷிஃப்ட். நான் சாலைத் துறையில் வேலை முடிந்து சாயங்காலம்தான் வருவேன். வந்து பார்த்தால் மனிதர் கம்பிக்கு அந்தப் பக்கம், ஓடைக்கரையில், ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, கொழுத்த பெண் ரக்கூன் ஒன்றுக்கு மார்ஷ்மெல்லோ மிட்டாய் கொடுத்துக்கொண்டிருப்பார். அது மிட்டாயை இரண்டு கையாலும் ஓடைத் தண்ணீரில் அலசி அலசித் தின்னும். அதற்கு மாமியார் பெயரையே வைத்திருந்தார்.

“பாரு மாப்ளே, லூவெல்லா கழுவாம எதையும் வாயில வைக்க மாட்டா. உன்னைய மாதிரியா?”

வெறிநோய் வரும் என்றேன். நாய்கள் கொதித்துப்போகின்றன என்றேன். சரி என்று தலையாட்டுவார். மறுநாள் மறுபடி வாளி. எனக்குக் கோபம் வரவில்லை. மறதிக்காரரிடம் கோபப்படுவது நாகரிகமில்லை.

ஒருநாள் மேபலால் தாங்க முடியவில்லை. கண்ணெதிரே அது தின்பதைப் பார்த்துக் குரைத்துக் குரைத்து, கடைசியில் ஷாக்கையும் வாங்கிக்கொண்டு பாய்ந்துவிட்டாள். சத்தம் கேட்டு நான் கொல்லைக்கு வந்தபோது இரண்டும் ஒரே உருண்டையாகப் புரண்டுகொண்டிருந்தன. ரக்கூனுக்கு மூன்று குட்டிகள் மரத்தில் இருந்தன, அதனால் உயிரைக் கொடுத்துச் சண்டை போட்டது. மேபலின் ஒரு காது தொங்கிவிட்டது. முகத்துத் தோல் கிழிந்து பல் தெரிந்தது. அவள் பிடியை உதறிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடிவந்தாள். கம்பிக்கு வந்ததும் பட்டை ‘பீப்’ என்றது. நின்றுவிட்டாள்.

வா மேபல் என்று கூப்பிட்டேன். கையைத் தட்டினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு, ரத்தம் சொட்ட, முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்தாள். தாண்டவில்லை. அதற்குள் ரக்கூன் பின்னால் வந்து பிடரியைக் கவ்வி, சறுக்கிக்கொண்டே ஓடைக்கு இழுத்துப்போய், அவள் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. நான் மண்வெட்டியோடு போய்ச் சேர்ந்தபோது தண்ணீரில் குமிழிகூட வரவில்லை.

ரக்கூனை அடித்தேன். அது நான் வளர்த்த பிராணி இல்லை என்பதைக் கவனியுங்கள். அதன் மண்டை நான் நினைத்ததைவிடக் கெட்டி, நிறைய நேரம் அடிக்க வேண்டியிருந்தது. மாமா வாளியை விட்டு எழவே இல்லை. “லூவெல்லாவ விட்டுரு மாப்ளே, அவ பாட்டுக்குக் கழுவிக்கிட்டுத்தானே இருந்தா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கம்பிதான் மேபலைக் கொன்றது என்று ரோண்டா ஒருமுறை சொன்னாள். துக்கத்தில் சொன்னாள், நான் பெரிதுபடுத்தவில்லை. மிட்டாய் இல்லாவிட்டால் ரக்கூன் இல்லை, ரக்கூன் இல்லாவிட்டால் மேபல் ஓடியிருக்க மாட்டாள்.

மறுநாளே மாமா மிட்டாய்ப் பையோடு ஓடைக்குப் போனார். நடந்தது எதுவும் நினைவில்லை. இப்போது மூன்று குட்டிகளும் வந்தன. ஸ்கௌட் அம்மா நின்ற அதே இடத்தில் போய் நின்று உறுமத் தொடங்கினான். அவனையும் பறிகொடுக்க நான் தயாராக இல்லை. எனக்கென்று மிச்சம் இருந்தது அவன் ஒருவன்தான்.

அதனால் கம்பியில் ஒரு கிளை எடுத்துப் பின்வாசல் படிக்குக் கீழே ஓட்டினேன். மேபலின் பட்டையைக் கழுவித் துடைத்து மாமாவுக்குப் போட்டுவிட்டேன். வாசலில் இரண்டு வெள்ளைக் கொடிகளையும் செருகினேன். எதற்கும் ஒரு முறை உண்டு.

“என்ன மாப்ளே, ஊர்வலமா?” என்று கேட்டார். பட்டையைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். “சரிதான். ராத்திரி கூண்டுக்குள்ளயா, இல்ல வீட்டுக்குள்ள படுத்துக்கலாமா?”

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் நல்ல மனிதர். இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

முதல் தடவை தரையில் உட்கார்ந்துவிட்டார். கால்சட்டை நனைந்துவிட்டது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு, “யாரு அடிச்சது?” என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

“யாரும் அடிக்கல மாமா” என்றேன். அது உண்மை.

நாய்க்கு ஒன்றிரண்டு தடவை போதும். இவருக்கு ஒவ்வொரு நாளும் அதுதான் முதல் தடவை. சாயங்காலம் நான் வந்து பட்டையைப் போடுவேன், அவர் மிட்டாயை எடுத்துக்கொண்டு உற்சாகமாகக் கிளம்புவார், விழுவார், எழுவார், மறந்துபோய் மறுபடி கிளம்புவார். ரோண்டா வருவதற்குள் கழற்றிவிடுவேன். ஒருநாள் அவர் கழுத்தில் இரண்டு வட்டப் புண்களை அவள் பார்த்து, இது என்னப்பா என்று கேட்டாள். “உம் புருஷன் எனக்கு நாய் லைசென்சு எடுத்துக் குடுத்திருக்கான்” என்றார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மருந்து போட்டுவிட்டாள்.

மூளை மறந்தாலும் உடம்பு மறப்பதில்லை. குளிர்காலம் தொடங்குவதற்குள் வாசலுக்கு வந்தாலே நின்றுவிடுவார். ஏன் என்று அவருக்கே தெரியாது. உள்ளே நின்றபடி மிட்டாயைப் படியில் வீசுவார். குட்டிகள் படிவரைக்கும் வந்து பழகிவிட்டன. இதை நான் எதிர்பார்க்கவில்லை, ஆனால் வசதியாக இருந்தது. ஸ்கௌட்டைக் கூண்டில் அடைத்துவிட்டு மண்வெட்டியோடு சுவரோரம் காத்திருந்தேன்.

மூன்றையும் படியிலேயே முடித்தேன். கடைசிக் குட்டி, கை இரண்டையும் முன்னால் நீட்டிக்கொண்டு கதவைப் பார்த்துக் கத்தியது. மாமா ஒரு கை தூரத்தில் நின்றார். அழுதார். “என் பிள்ளைங்கடா, விட்டுருடா” என்றார். ஒரு காலை முன்னால் வைப்பார், இழுத்துக்கொள்வார். அத்தனை அழுகையிலும் வாசலைத் தாண்டவில்லை. பிறகு பார்த்தால் பட்டையில் பேட்டரியே தீர்ந்துபோயிருந்தது. எத்தனை நாளாகத் தீர்ந்திருந்ததோ. அன்றைக்கே பட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, கம்பிக்கான மின்சாரத்தையும் நிறுத்திவிட்டேன். இனி அது தேவையில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தீ விஷயத்துக்கு வருகிறேன். அன்று மத்தியானம் அவர் தனியாகப் பன்றிக்கொழுப்பு வறுக்கப் போயிருக்கிறார். வாணலி பற்றிக்கொண்டது. முன்கதவை நாங்கள் வெளியே பூட்டிவிட்டுத்தான் போவோம், இல்லாவிட்டால் நெடுஞ்சாலைக்குப் போய்விடுவார். ரோண்டாவுக்கும் அதில் சம்மதம். பின்கதவைப் பூட்டுவதில்லை. அன்று அது நன்றாகத் திறந்தே கிடந்தது என்று உங்கள் தீயணைப்பு அதிகாரியே எழுதியிருக்கிறார்.

பக்கத்து வீட்டு ஓபல் சொன்னதை நீங்கள் படித்துக் காட்டினீர்கள். இடுப்பு முறிந்து வாக்கர் பிடித்து நடக்கிறவள், படியேற முடியவில்லை. கீழே நின்று கத்தியிருக்கிறாள். “ஹோபர்ட், வெளிய வா. ஒரே ஒரு எட்டுதான்.” அவர் புகைக்குள் வாசலில் நின்று, சட்டையில் தீப்பிடித்த பிறகும், காலைத் தூக்கித் தூக்கி வைத்தாராம்.

“அங்க என்னமோ இருக்கு ஓபல். என்னன்னுதான் ஞாபகம் வரல.”

நடந்தது இதுதான். அவரைப் பழக்கியது நான். மறைப்பதற்கு ஒன்றுமில்லை. கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கம்பியில் மின்சாரம் இல்லை, கழுத்தில் பட்டை இல்லை, கதவு திறந்திருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒரு உதவி. ஸ்கௌட் இன்னும் கொல்லையில்தான் இருப்பான். யாரையாவது அனுப்புங்கள். கம்பியருகே வந்து நிற்பான், கூப்பிட்டால் வர மாட்டான். உள்ளே போய்த் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். பயப்பட வேண்டாம், கடிக்க மாட்டான். அவன் இதுவரை அடி வாங்கியதே இல்லை.