அணையாத பச்சை விளக்கு

இரவு இரண்டு மணி பத்து. ஜனவரி. பதினான்காம் எண் கவுண்டி சாலை... ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் பைன் காடு. பன்னிரண்டு மைல் நீளத்துக்கு ஒரே ஒரு வீட்டில்தான் விளக்கு எரியும். லேலண்டின் வீடு.

வாசல் விளக்கு. அந்தக் குடும்பத்தில் ஒரு விதி உண்டு. இரவில் கடைசியாக வீடு திரும்புகிறவர்தான் அதை அணைக்க வேண்டும். முப்பது வருடமாக யாரும் அணைக்கவில்லை.

லேலண்ட் என் நண்பன் வெண்டலின் பெரியம்மா மகன். வெண்டல் இதை ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னான்.

"லாந்தர்ல பேட்டரி தீர்றதுக்குள்ள முடிச்சிடுப்பா," என்றான் எங்கள் பழைய கணினிக் குழுவின் மார்வ். "இருட்டுல உன் மூஞ்சியப் பாக்குறதே போதும், தனியா பேய்க் கதை வேற எதுக்கு?"

சிரித்தோம். மின்சாரம் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வெளியே பனி சாலையை மூடிவிட்டது. எங்கள் பழைய கணினிகள் எல்லாம் அந்த அடித்தள அறையின் மேசைகளில் இருண்டு கிடந்தன.

நான் தொடர்ந்தேன்.

லேலண்டின் அக்கா கோரின். தொண்ணூற்றைந்து ஜனவரியில், பத்தொன்பது வயதில், அப்பாவின் டிரக்கை எடுத்துக்கொண்டு இரவில் போனாள். வரவில்லை. டிரக்கும் கிடைக்கவில்லை. சுற்றிலும் மூன்று ஏரிகள், மூன்றும் உறைந்து கிடந்தன. நாம் எல்லாரும் செய்வதுதான்... சாலை சுற்று என்றால் ஏரியின் மேலேயே ஓட்டிப் போவோம். அவள் எந்த ஏரியில் பனி உடைந்து மூழ்கினாள் என்று யாருக்கும் தெரியாது.

அம்மா அர்லிஸுக்கு எண்பத்து மூன்று. இதயம் தளர்ந்துவிட்டது. பனி உருகும்வரை தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். லேலண்டின் வீட்டுப் பின்னறையில் படுத்திருந்தாள். தினமும் ஒரே கேள்வி.

"அவ எங்கடா இருக்கா?"

அந்த இலையுதிர்காலத்தில் கொட்டகையை ஒழித்தபோது பழைய கணினி கிடைத்தது. அக்காவும் தம்பியும் விளையாடிய கணினி. சவுண்ட் கார்டின் கையேட்டுக்குள் ஒரு ஃப்ளாப்பி. அதன் மேல் கோரினின் கையெழுத்து. 'லேலண்ட், இதைக் கேள்.' கீழே தேதி. அவள் போன அதே நாள்.

மைக் வைத்துப் பேசிப் பதிந்திருக்கிறாள். அந்தக் காலத்து ஃப்ளாப்பி. இரண்டு நிமிடப் பேச்சுக்கு மேல் கொள்ளாது.

வெண்டல் தன் இரண்டு டிரைவ்களில் போட்டுப் பார்த்தான். எதிலும் படிக்கவில்லை. எழுதிய டிரைவின் தலை கொஞ்சம் விலகியிருந்தால் அப்படித்தான். அதில் எழுதியதை அது மட்டும்தான் படிக்கும். எனவே அந்தக் கணினியேதான் எழ வேண்டும். வெண்டல் ஃப்ளாப்பியைத் திருப்பிக் கொடுத்தான். சனிக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றான்.

வியாழக்கிழமை இரவு அர்லிஸுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பனிப்புயல். ஆம்புலன்ஸ் காலையில்தான் வரும் என்றார்கள். லேலண்ட் வெண்டலுக்குப் போன் போட்டான்.

"இன்னைக்கே பாக்கணும்டா. சனிக்கிழமை வரைக்கும் அம்மா இருக்க மாட்டா."

"சரி. போன ஸ்பீக்கர்ல போட்டு மேசைல வை. நான் சொல்றத மட்டும் செய். உன் மூளைய உபயோகிக்காத."

"அது எப்பவும் உபயோகிக்கிறதில்லையே."

முதலில் ஒலி. சோதனைக்கென்று கணினியில் பதிந்திருந்த ஒரு நாய்க் குரைப்பு ஒலிக்க வேண்டும். குரைப்பின் முதல் துணுக்கு மட்டும் வந்தது. வ்... வ்... வ்... வ்... நிற்காமல். சவுண்ட் கார்டும் பிரிண்டர் கார்டும் கணினியைக் கூப்பிட ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு மோதின. கார்டின் மேல் நகத்தளவு கருப்புத் தொப்பி ஒன்று உண்டு. அதைப் பிடுங்கி அடுத்த இரட்டைக் கம்பியில் செருகச் சொன்னான் வெண்டல். அதற்கே ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில் நாய் முழுதாகக் குரைத்தது.

பின்னறையில் அர்லிஸ் கேட்டாள். "யாரு வந்தா?"

"யாரும் இல்லம்மா. தூங்கு."

பிறகு டிரைவ். அதைக் கழற்றி, தலையைப் பஞ்சால் துடைத்து, பட்டைக் கேபிளை மறுபடி மாட்ட வேண்டும். வெண்டல் இரண்டு விஷயத்தை மூன்று தடவை சொன்னான். கேபிளின் சிவப்பு விளிம்பைப் பார்த்து மாட்டு. முதலில் வெற்று ஃப்ளாப்பி போடு.

இரண்டு மணி ஆகியிருந்தது.

"மாட்டிட்டேன். பச்சை லைட் எரியுது."

"எரிஞ்சு அணையுதா?"

"இல்ல. எரிஞ்சுகிட்டே இருக்கு."

மேசையைச் சுற்றி எல்லாரும் ஒரே நேரத்தில் முனகினார்கள். நம்மில் யாருக்குத்தான் தெரியாது? விளக்கு அணையவில்லை என்றால் கேபிள் தலைகீழ். அந்த நிலையில் டிரைவ் எதையும் படிக்காது. உள்ளே இருப்பதை அழிக்க மட்டும் செய்யும்.

"உள்ள எது இருந்துச்சு?" மார்வ் தணிந்த குரலில் கேட்டான்.

வெண்டலும் அதைத்தான் கேட்டான். லேலண்ட் சொன்னான்.

"அவளோடது."

வெண்டல் திட்டவில்லை. திட்ட வாய் வரவில்லையாம். "அணைச்சிடு. கேபிளத் திருப்பி மாட்டு. பாக்கலாம்," என்றான். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று அவனுக்குத் தெரியும்.

போனில் சுவிட்ச் சத்தம். நாற்காலி நகர்ந்தது. மறுபடி சுவிட்ச். டிரைவ் கரகரத்தது...

"வெண்டல். ஒரு ஃபைல் காட்டுது."

"எவ்வளவு பெருசு?"

"பூஜ்யம்."

"அதுல ஒண்ணுமில்லடா."

லேலண்ட் கேட்கவில்லை. ஓட விட்டான்.

முதலில் இரைச்சல். அடியில் டிரக் இன்ஜின். பிறகு ஒரு பெண்.

"லேலண்ட். எழுதிக்கோ."

முப்பது வருடமாகியும் வெண்டலுக்குக் கோரினின் குரல் தெரிந்தது.

"லூத்தரன் சர்ச். இடது பக்கம் திரும்பு."

இன்ஜின். நீண்ட இன்ஜின். பென்சில் தாளில் உரசுவது போனில் கேட்டது.

"தூண்டில் கடை. மூடியிருக்கு. நேரா போ."

"எந்த ஏரின்னு சொல்றாடா," என்றான் லேலண்ட். அழுகிறான் என்று தெரிந்தது. "அம்மா, அக்கா வழி சொல்றா."

வெண்டல் சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு நிமிடம் முடிந்தது. ஐந்து. ஒன்பது. குரல் நிற்கவில்லை.

"மரப்பாலம். மெதுவா."

பதினாறு நிமிடம்.

"வெள்ளை கேஸ் டாங்க். அப்புறம் மீன் மாதிரி ஒரு தபால் பெட்டி."

அந்தத் தபால் பெட்டியை லேலண்ட் தன் கையால் செய்தான். நட்டு பத்து வருடம்கூட ஆகவில்லை.

"லேலண்ட். அது ஏரிக்குப் போற வழி இல்ல. உன் வீட்டு வழி. ஸ்பீக்கரப் பிடுங்கு."

பென்சில் நின்றிருந்தது.

"லேலண்ட், பிடுங்குடா."

"தெரியும் வெண்டல்," என்றான். நிதானமான குரல். "பாலத்துலயே தெரிஞ்சிடுச்சு."

"அப்ப ஏன்டா..."

"அம்மா தினமும் கேக்குறாடா."

ஸ்பீக்கரில் இன்ஜின் அணைந்தது. பெண் குரல், மிகப் பக்கத்தில்.

"விளக்கு எரியுது."

தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. ஸ்பீக்கரிலா, வீட்டிலா... வெண்டலால் இன்றுவரை சொல்ல முடியவில்லை. அதோடு போன் துண்டித்தது.

சாலைப் பனியை ஒதுக்கும் வண்டியின் பின்னாலேயே வெண்டல் ஓட்டிப் போனான். போய்ச் சேர விடிந்துவிட்டது. வீட்டின் முன் பனி சமமாகக் கிடந்தது. டயர் தடம் இல்லை. கால் தடம் இல்லை.

வாசல் விளக்கு அணைந்திருந்தது.

உள்ளே ஒரு வாசம். மீன் பிடிக்க உறைந்த ஏரியில் துளை போட்டதும் அடியிலிருந்து எழும்பி வருமே... அந்த வாசம். கதவிலிருந்து பின்னறைவரை தரை ஈரம். பின்னறைக் கதவு சாத்தியிருந்தது.

லேலண்ட் மேசை முன் உட்கார்ந்திருந்தான். கணினி ஓடிக்கொண்டிருந்தது. அதன் மூடி கழன்றே கிடந்தது. வெண்டல் குனிந்து பார்த்தான். டிரைவின் பச்சை விளக்கு அணையாமல் எரிந்தது. சிவப்பு விளிம்பு தவறான பக்கத்தில் இருந்தது.

லேலண்ட் அந்தக் கேபிளைத் திருப்பி மாட்டவே இல்லை.

"வாசல் விளக்க நீயா அணைச்ச?" என்று கேட்டான் வெண்டல்.

லேலண்ட் நிமிர்ந்தான். உதட்டில் விரலை வைத்தான்.

"கடைசியா வந்தவங்கதான அணைக்கணும்," என்றான். "மெதுவா பேசு. ரெண்டு பேரும் இப்பதான் தூங்கினாங்க."