பிடுங்கிய சிலுவைகள்

டார்ச்சை அணைத்துவிட்டுக் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது அருளின் பெரியப்பாவுக்கு நடந்தது. அருள் என்னோடு வேலை பார்க்கிறவன், புளுகத் தெரியாதவன்.

போன வருஷம் நவம்பர் இரண்டு. ராத்திரி பத்தே முக்கால். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற ரோடு... பிரம்மதேசம் தாண்டினால் ஒரு விளக்கு கிடையாது. மொபெட்டில் தனியாகப் போய்க்கொண்டிருந்தார் பெரியப்பா இருதயராஜ். கல்லறைத் திருநாள். செத்துப்போன மனைவி ஜெசிந்தாவைப் பார்க்கப் போகிறார். பகலில் போக அவருக்கு முகமில்லை.

அவர்கள் காலனியிலிருந்து கல்லறைக்குப் போகிற வழி ஊர்க்காரர்களின் வயலில் இருக்கிறது. மழைக்காலத்தில் பிணம் தூக்கிப் போக விடமாட்டார்கள். அப்படி வழி மறுக்கப்பட்ட ஏழு பேரைப் படகில் ஏற்றி, கழுவெளி ஏரிக்கு நடுவில் ஒரு திட்டில் புதைத்திருந்தார்கள். ஜெசிந்தாவும் அதில் ஒருத்தி. பிணத்துக்கு விடாத அதே வயலில், சென்னையிலிருந்து அதே திட்டில் டென்ட் போட்டுத் தங்க வந்தவர்களின் கார்களுக்கு மட்டும் வழி கிடைத்தது. பேசினால் வயிறு எரியும், விடுங்கள்.

டென்ட் நடத்துகிறவன் பிரவீன்குமார். அவனிடம் இருதயராஜுக்குச் சமையலும் காவலும். "பேமிலியெல்லாம் வர்றாங்கண்ணே... திட்டு க்ளீனா இருக்கணும்" என்றான். முட்டி தேய்ந்த மனுஷனுக்கு வேறு யார் வேலை தருவார்கள்? திருநாளுக்கு ஒரு வாரம் முன்னால், ஏழு சிலுவைகளையும் தன் கையாலேயே பிடுங்கி, மேட்டை மம்முட்டியால் நிரவினார். ஒரு ராத்திரிதானே, காலையில் நட்டுவிடலாம் என்று நினைத்திருக்கிறார்.

அன்று நடுச்சாமத்தில் ஒரு டென்ட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் கூப்பிட்டாளாம்.

"அண்ணா... கீழேர்ந்து யாரோ தட்டுறாங்க."

"நண்டுதாம்மா. தூங்குங்க."

காலையில் டென்ட்டுகளைச் சுருட்டியபோது வெறும் மணல்... எது யாருடைய இடம் என்று தெரியவில்லை. அந்தப் பெண் எந்த டென்ட்டில் படுத்திருந்தாள் என்பதும் ஞாபகமில்லை. சிலுவைகளைக் குத்துமதிப்பாக நட்டுவிட்டு வாயைத் திறக்காமல் இருந்துவிட்டார். திருநாளன்று சனங்கள் சாயங்காலமே வந்து, அழுது, தப்பான குழிகளுக்குப் பூ வைத்துவிட்டுப் போனார்கள்.

அதற்கப்புறம்தான் இவர் தனியாகப் படகைத் தள்ளிக்கொண்டு போய்த் திட்டில் ஏறினார். சேற்று வாடை. ஒரு தவளை கத்தவில்லை. எதிலாவது ஒன்றில் அவள் இருப்பாள் என்று, ஏழு சிலுவைக்கும் ஏழு மெழுகுவர்த்தி ஏற்றினார். ஏரிக்காற்றில் வேட்டி படபடவென்று அடிக்கிறது... ஆறு சுடர் அசையவே இல்லை.

ஏழாவது அணைந்தது. சவரிமுத்து என்று பெயர் எழுதிய சிலுவை. மறுபடி ஏற்றினார். அணைந்தது. மூன்றாம் தடவை அணைந்ததும் அவள் இருக்கிற இடம் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஜெசி... நான்தான்டி. சோத்துக்கு வேற வழி தெரில எனக்கு."

இன்னொரு முறை ஏற்றினார். காற்றுப் புக இடமில்லாமல் இரண்டு கையையும் குவித்துச் சுடரை மூடிக்கொண்டார்.

கைக்குள்ளே... யாரோ ஊதினார்கள்.