குவைத்து டப்பா

"அந்த டப்பாவ இனிமே தொறக்கவே கூடாது அத்தே!"

திருப்பதியிலிருந்து புத்தூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் சத்தமாகவே சொன்னாள். மடியில் மூன்று மாதக் குழந்தை. பக்கத்தில் மாமியார்.

"குவைத்துலருந்து எம்புள்ள அனுப்புன பால் பவுடர்டி. டிவி மேல வெச்சி ஊருக்கே காட்டிக்கினு கீறேன்."

"இன்னிக்கி ஆஸ்பத்திரில கொழந்தைக்கி எட ஏறலன்னா டப்பா பாலு, ஏறிச்சின்னா தாய்ப்பாலு மட்டும்னு நீங்கதான சொன்னீங்க? ஏறிச்சா இல்லியா?"

"ஏறிச்சி, ஏறிச்சி. நானுந்தான் பாத்தேன்."

"ஆறு மாசம் வரிக்கும் தண்ணிகூட வேணாம்னு நர்சம்மா சொன்னாங்களே, அப்ப உங்க மூஞ்சியப் பாக்கணுமே!"

"பல்ல இளிக்காதடி. அவன் போன் பண்ணி, பவுடர் குடுத்தியாம்மான்னு கேட்டா இன்னா சொல்றது? ஆசையா அனுப்பிச்சான்."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "அதான் அத்தே எனக்கும் பயம்."

வடமாலபேட்டை தாண்டியதும் குழந்தை அழுதது. மாமியார் நடைபாதைப் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, தன் முந்தானையை விரித்து மருமகளை மறைத்துக்கொண்டாள்.

"நீ பாலக் குடு. அவங்கிட்ட நான் பேசிக்கிறேன். அந்தப் பவுடர்ல எனக்கு ரெண்டு வேள டீ போட்டுடு."