மூணாவது மாடிக் கல்யாணம்

எல்லாரும் நல்லா இருக்கீங்களா? போன வாரம் பாதிப் பேர் இருமல்னு எழுதியிருந்தீங்களே, கொறஞ்சுதா? வெந்நீர் குடிங்க, பனியில நிக்காதீங்க. இப்ப ஒரு கதை. இதுல ரெண்டு பேர் பேசிக்கறாங்க, நடுவுல மூணாவதா ஒருத்தர் வந்துட்டுப் போவார். அவளுக்கு லிப்ட் சோதனை பண்ற வேலை, சேர்ந்து ஏழே வாரம். சாயங்காலமானா மேல்படிப்பு. அவன் அவளைக் கட்டிக்கப்போறவன். நேரம் மத்தியானம். இனிமே அவங்க பேசட்டும், நான் வாயத் திறக்கல.

அவள்: ...சொல்றேன், சொல்றேன். முதல்ல உக்காரு. மூச்சு வாங்குது பாரு.

அவன்: எனக்கா? மூணு மாடிதானே. இந்தா, சாப்பாடு. காலையிலயும் சாப்பிடலையாமே. உங்கம்மா போன்ல ஒரே புலம்பல்.

அவள்: எங்கம்மா உனக்குப் போன் பண்றாங்களா?

அவன்: நீ எடுத்தாத்தானே உனக்குப் பண்ணுவாங்க. பத்திரிகையில பேருக்குப் பின்னாடி பட்டம் போடலாமா வேணாமான்னு கேக்கறாங்க. பாஸ் பண்ணட்டும், அப்புறம் போடலாம்னேன்.

அவள்: ரொம்ப நல்ல மருமகன்.

அவன்: இன்னிக்கு ஆறு மணிக்கு என்ன பரீட்சை?

அவள்: இரும்பு எத்தனை தடவை வளைஞ்சா களைச்சுப்போய் உடையும்னு கணக்குப் போடணும்.

அவன்: மனுஷங்க எத்தனை தடவை?

அவள்: அது பாடத்துல இல்ல. பசியில ஒளர்றேன். என்ன கொண்டு வந்திருக்க?

அவன்: உனக்குப் பிடிச்சது. பேசாம சாப்பிடு. சாப்பிட்டுட்டு, நீ எதுக்கு அப்படி ஒரு குரல்ல கூப்பிட்டன்னு சொல்லு. வண்டியில வர்ற வழியெல்லாம் யாருக்கு என்ன ஆச்சோன்னு இருந்துச்சு.

அவள்: இந்த மண்டபம் உனக்குப் பிடிச்சிருக்கா?

அவன்: நாலு வாரத்துல கல்யாணத்த வச்சுக்கிட்டுக் கேக்கற கேள்வியா இது?

அவள்: பிடிச்சிருக்கா, இல்லையா?

அவன்: மேடை நல்லாருக்கு. ஜன்னல் பெருசு. பாத்ரூம்ல தண்ணி வருது. வேற என்ன வேணும்?

அவள்: காலையில ஆபீஸ்ல இன்னிக்குப் போக வேண்டிய இடம்னு சீட்டு குடுத்தாங்க. துணைக்கு யாரும் கிடையாது, தனியாப் போற முதல் சோதனை. பெருமையா வாங்கி விலாசத்தப் படிச்சேன். படிச்சுட்டு அங்கேயே உக்காந்துட்டேன்.

அவன்: ஓ... அதான் இங்க இருக்கியா? நான் ஏதோ நீ மேடை அளவெடுக்க வந்திருக்கன்னு...

அவள்: கையில ஸ்பேனரோடவா?

அவன்: உங்க பெரியவர்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?

அவள்: சொன்னேனே. "சார், இது என் கல்யாண மண்டபம், வேற யாரையாவது அனுப்புங்க"ன்னேன். "அப்படின்னா உன்ன விடக் கவனமா யாரும்மா பாக்கப் போறா, கெளம்பு"ன்னுட்டார்.

அவன்: சரி... பாத்தியா?

அவள்: பாத்தேன்.

அவன்: எப்படி இருக்கு?

அவள்: பிரேக் கட்டை தேஞ்சு அப்பளமா இருக்கு. ஆள் ஏறுற அளவுக்கு எடை ஏத்திக் கீழ விட்டேன். நிக்க வேண்டிய எடத்துல நிக்கல. ஒரு சாண் வழுக்கிட்டுப் போய் நின்னுச்சு. கதவு வேற சமத்தா திறக்குது. யாராவது பேசிக்கிட்டே கால எடுத்து வச்சா...

அவன்: புரியுது, புரியுது. சரிபண்ண எத்தனை நாள் ஆகும்?

அவள்: சாமான் வர்றதுக்கே ஆறு வாரம்.

அவன்: நமக்கு நாலு.

அவள்: ஆமா. இந்த லிப்ட் ஓடக்கூடாதுன்னு எழுதினா இன்னிக்கே பூட்டிடுவாங்க. ஓடலாம்னு எழுதினா... ஓடும்.

அவன்: தேதியத் தள்ளி...

அவள்: எங்க தள்றது? இந்தப் பரீட்சை முடிஞ்சு அடுத்த வகுப்பு ஆரம்பிக்கற வரைக்கும் ஒரே ஒரு சனிக்கிழமைதான் இருக்கு. வேலையில சேர்ந்த புதுசுன்னு மூணு நாள்தான் லீவு. உங்க அண்ணன் டிக்கெட் போட்டாச்சு. எங்க சித்தி புடவைக்குப் பொருத்தமா செருப்பே வாங்கியாச்சு. தேதிய மாத்தினா சித்தி என்னத் தேடி வந்து அடிப்பாங்க.

அவன்: வேற மண்டபம்?

அவள்: காலையிலேருந்து பதினாலு எடத்துக்குப் போன் போட்டேன். ஒரு எடம் இருந்துச்சு. நாப்பது பேர் உக்காரலாமாம்.

அவன்: உங்க பெரியப்பா வீட்டுக்கே பத்தாது.

அவள்: சிரிக்காத. அத்தைய நெனச்சுப் பாரு. ரெண்டு முட்டியும் ஆபரேஷன் பண்ணவங்க. இங்க அறுபத்தாறு படி. எண்ணிட்டேன். பையன் கல்யாணத்த வாசல்ல நின்னு பாப்பாங்களா? நீ சொல்லு, நான் என்ன எழுதட்டும்?

அவன்: என்னையா கேக்கற?

அவள்: கல்யாணம் உனக்கும்தானே.

மேனேஜர்: மேடம், மன்னிக்கணும். மேல நாற்காலியெல்லாம் ஏத்தணும், லிப்ட எப்ப விடுவீங்க? அட, மாப்பிள்ளை சாரும் வந்துட்டீங்களா. நல்லதாப் போச்சு. நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க சார்.

அவள்: நான் சொல்ற வரைக்கும் யாரும் சுவிட்சத் தொடக்கூடாதுன்னு சொன்னேன்ல சார்?

மேனேஜர்: தொடல மேடம். பதினஞ்சு வருஷமா ஓடுது, அதுக்கு ஒரு சின்ன அலுப்பு. நம்ம வீட்டுக் கல்யாணம். மேடைப் பூ அலங்காரம் மொத்தமும் எங்க பொறுப்புன்னு வச்சுக்கங்களேன். வாசல்ல வளைவு கூட...

அவள்: சார், இன்னொரு தடவை பூவுன்னு சொன்னீங்கன்னா அதையும் ரிப்போர்ட்ல எழுதுவேன்.

மேனேஜர்: ஐயோ, சும்மா ஒரு பேச்சுக்கு...

அவன்: அண்ணே, ஒண்ணு கேக்கறேன். கீழ சாப்பாட்டுக் கூடம் இருக்குல்ல, அதுல எத்தனை பேர் உக்காரலாம்?

மேனேஜர்: மேசையெல்லாம் எடுத்துட்டா இருநூத்தம்பது. எதுக்கு சார்?

அவன்: மேடையக் கீழ போட்டுடுங்க. சாப்பாட்ட மேல வைங்க.

மேனேஜர்: சாப்பாட்டுக்கு மூணு மாடி ஏறச் சொல்றீங்களா?

அவன்: கல்யாணம் பாக்கத்தான் ஏறமாட்டாங்க. சாப்பாட்டுக்கு ஏறுவாங்க. எங்க மாமா ஆறு மாடி கூட ஏறுவார், எறங்கி வந்து இன்னொரு தடவையும் ஏறுவார்.

மேனேஜர்: வயசானவங்க?

அவன்: அவங்களுக்குக் கீழயே ஒரு ஓரமா நாலு மேசை. மேடைக்குப் பக்கத்துலயே. ராஜா மாதிரி.

மேனேஜர்: சமையல்கட்டும் கீழதான் இருக்கு... பாத்திரத்தப் படியில தூக்கணும்... கூட நாலு ஆள் போட்டா... செய்யலாம் சார். ஆனா லிப்ட் ஓடிட்டா இந்தத் தொல்லையே...

அவள்: ஆபீஸ்லேருந்து தாள் வரும் சார். அது வர்ற வரைக்கும் படிதான்.

மேனேஜர்: சரி மேடம். நான் போய் அளவெடுக்கறேன். பூவப் பத்திப் பேசல, பேசல.

அவள்: ...போயிட்டாரா?

அவன்: படியில எறங்கிட்டார். திட்டிக்கிட்டேதான் எறங்கறார்.

அவள்: இவ்வளவு சீக்கிரம் எப்படி உனக்குத் தோணுச்சு? நான் காலையிலேருந்து மண்டைய ஒடச்சுக்கறேன்.

அவன்: எனக்கு மூளை கொஞ்சம் ஜாஸ்தி. அத வச்சுத்தானே உன்னப் பிடிச்சேன்.

அவள்: அப்ப ஓடக்கூடாதுன்னே எழுதட்டுமா?

அவன்: எழுது. நல்லா அழுத்தி எழுது. புகார் குடுத்தவங்களுக்கும் ஒரு நிம்மதி. ரெண்டாவது மாடிக்கும் மூணாவதுக்கும் நடுவுல இருட்டுல மாட்டிக்கிட்டு, மேலயிருந்து ஒருத்தர், "தானா எறங்கிடும், பயப்படாதீங்க"ன்னு சிரிச்சா எப்படி இருக்கும்?

அவள்: என்ன சொன்ன?

அவன்: இல்ல... பொதுவாச் சொன்னேன்.

அவள்: புகார் வந்துச்சுன்னே நான் இன்னும் உங்கிட்ட சொல்லல.

அவன்: சொன்ன மாதிரி...

அவள்: சொல்லல. ரெண்டாவது மாடிக்கும் மூணாவதுக்கும் நடுவுலன்னு அந்தக் காயிதத்துல இருக்கு. யாரோ சிரிச்சாங்கன்னும் இருக்கு. பேர் போடாத காயிதம். அத எங்க ஆபீஸ்ல மூணு பேர்தான் படிச்சிருக்கோம்.

அவன்: தண்ணி குடி. சாப்பிடறப்ப பேசினா விக்கும்.

அவள்: டேய்.

அவன்: ...சரி. முன்பணம் குடுக்க வந்தேன்ல, அன்னிக்கு அம்மாவும் கூட வந்தாங்க. மாட்டிக்கிட்டோம். இருபது நிமிஷம். அம்மா என் சட்டையப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. வெளிய வந்ததும் வேற மண்டபம் பாக்கலாம்னேன். "பாவம்டா அந்தப் பொண்ணு, படிப்பு ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம்னு ஓடுது, இதயும் போய்ச் சொல்லாத, நான் எப்படியாவது படியேறிக்கறேன்"னாங்க.

அவள்: அத்தையா அப்படிச் சொன்னாங்க?

அவன்: அவங்க படியில ஏறிடுவாங்க, சரி. வேற வீட்டு அம்மாங்க தெரியாம அந்த லிப்ட்ல ஏறுவாங்களே. ராத்திரி தூக்கம் வரல, எழுதிப் போட்டுட்டேன். உங்க ஆபீஸ்ல நாப்பது பேர் இருக்காங்களே, யாரோ ஒருத்தர் வருவாங்கன்னு நெனச்சேன். நீயே வந்து நிப்பேன்னு எனக்கு எப்படித் தெரியும்?

அவள்: மூணு வாரமா வாயத் திறக்கல.

அவன்: மண்டபம் போச்சுன்னா அழுவியேன்னு பயம். அதான் அப்பவே கீழ சாப்பாட்டுக் கூடத்த அளந்து வச்சேன். கோவமா?

அவள்: கோவப்பட எனக்கு ஏது மொகம்? நீ ஒரு வார்த்தை கெஞ்சினா எனக்கு இல்லன்னு சொல்ல வராதுடா. அந்தப் பயத்துல, இந்த லிப்ட் ஓடக்கூடாதுன்னு ரிப்போர்ட்ட அனுப்பி முடிச்சுட்டுத்தான் உனக்குப் போனே போட்டேன்.

அவ்வளவுதாம்மா கதை. உங்க வீட்டுக் கல்யாணத்துல கடைசி நேரத்துல எது கவுந்துச்சு, யாரு நிமித்தினாங்க? ஒளிக்காம எழுதி அனுப்புங்க, கண்ணாடி போட்டுக்கிட்டு ஒண்ணு விடாமப் படிக்கறேன்.