டிரையரில் காயவைத்த கிளிப்பு

ஹலோ... நஞ்சப்பண்ணங்களா? உங்ககூட லாரி ஓட்டற தினகரனோட சம்சாரம், பாலாமணிங்... ஆமாங், ஆமாங்... கொஞ்சம் அவர கூப்புடுங்...

ஏனுங்க, நாந்தான்... இப்பத்தான் ஜெகதளாவுல இருந்து வந்தேன். அக்கா நல்லாத்தான் இருக்குது... அது கெடக்கட்டும், ராத்திரி பல்லுல மாட்டற உங்க கிளிப்பு டப்பா காலியா இருக்குதே?... ஏன் முழுங்கறீங்க? வாயிலயே மாட்டிட்டுப் பேசறீங்களா?

ம்... கழுவுனீங்க, செரி... மழையில காயல, செரி செரி... ஃபேக்டரி டிரையர்லயா! அட சாமி! மப்ளரு, சாக்ஸுன்னு வருசக்கணக்கா அங்க காயவெச்ச பழக்கம்... தேயில காயற சூட்டுல அது தாங்குங்களா?... அப்பளமாட்டம் நெளிஞ்சுபோச்சா?... இல்லீங்க, நான் சிரிக்கல... செரி, சிரிச்சுட்டேன், போதுமா?

வெறும் கொறட்டைக்குத்தானேங்கறீங்களா? உங்க கொறட்ட எனக்குப் பழகிப்போச்சுங்க. அது நடுவுல நிக்குது பாருங்க, அப்பத்தான் எனக்கு உசுரே போகுது... பல் டாக்டரு என்ன சொன்னாரு? தூங்கறப்ப நாக்கு பின்னால சரிஞ்சு மூச்ச அடைக்குது, கிளிப்பு கீழ்த்தாடைய முன்னால இழுத்துப் புடிச்சுக்கும்னாரா இல்லையா?... ஆமா, மூஞ்சில மாட்டற மிசினு வேண்டாம், இதே போதும்னு அடம்புடிச்சது யாருங்?

அப்ப நான் இல்லாத ராத்திரியெல்லாம் கிளிப்பு இல்லாம அரத் தூக்கந்தான் தூங்கியிருக்கீங்க... என்னது, இப்ப லோடா? மேட்டுப்பாளையத்துக்கா? வேண்டாங்க... தெரியுங்க. தேயிலைக்கு வெலையில்ல, ஃபேக்டரி பாதி நாள் பூட்டிக் கெடக்குது, டிரையர் வேல போயி லாரியக் குடுத்திருக்காங்க... ஆமா, ஆமா, இதையும் விட்டா வேற இல்ல... பர்லியார் வளைவுல கண்ணு சொக்குச்சுன்னு போன வாரம் சொன்னது ஆருங்க?... இன்னிக்குத் தூக்கமே வரலியாமா? பஸ்ஸுல கம்பியப் புடிச்சு நின்னுட்டே தூங்கற ஆளு நீங்க!

நாளைக்கே குன்னூர் போயி புதுசுக்கு அளவு குடுத்தர்லாங்... கேக்குதுங்களா?... ஏனுங்க?

அடக் கடவுளே, கொறட்ட! போனக் காதுல வெச்சுட்டே!... ஏனுங்க...

நின்னுருச்சு... ஏனுங்க! மூச்சு விடுங்க!... ஏனுங்க!...

அப்பாடா. வந்துருச்சு.

ஹலோ... நஞ்சப்பண்ணா! சிரிக்காதீங்கண்ணா. அவரு சட்ட ஜோப்புல லாரிச் சாவி இருக்கும், எடுத்துக்கங்க... ஆமாங், இந்த லோட நீங்க கொண்டுபோங்க. காச்சல்னு மேனேஜருகிட்ட நான் சொல்லிக்கறேன்... எந்திரிச்சா கோவிச்சுக்குவாரா?

நல்லாக் கோவிச்சுக்கட்டும்ணா. கோவிச்சுக்கறதுக்கு மனுசன் இருக்கோணுமில்லீங்... வெச்சர்றேனுங்.