ஓகஸ்ட் பதினைஞ்சிலை லிப்டுக்குள்ளை

அருளம்பலம் அண்ணை, அந்தப் பார்வை எனக்கு விளங்குது. இந்தப் பேனாட் இப்ப வீட்டுக்காரச் சிஞ்ஞோரா மாதிரிக் கதைச்சுக் காட்டுவான், சிரிக்கலாம் எண்டுதானே? இண்டைக்கு இல்லை. நீங்கள் சிரிச்சால் இருமுவியள், இருமினால் முட்டு இழுக்கும். முட்டுக்கு அடிக்கிற உங்கடை பம்ப், பூக்கண்டுக்குத் தண்ணி விட்ட வீட்டிலை, குசினி மேசையிலையெல்லோ கிடக்கு.

நிண்டுபோன லிப்டைத் திறக்க வருவாங்கள். தீயணைப்புக்காரன் போனிலை ஹலோவுக்குப் புரோந்தோ எண்டு கத்தினது உங்களுக்கும் கேட்டதுதானே. இருவது நிமிசம் எண்டவன்.

நாப்பது ஆகிட்டுதோ? இண்டைக்கு ஓகஸ்ட் பதினைஞ்சுப் பெருநாள் அண்ணை. பலெர்மோச் சனம் முழுக்கக் கடலிலை. இந்தக் கட்டடத்திலை ஒரு குஞ்சு குருமன் இல்லை.

திருப்பி எடுக்கவோ? இந்தக் கைப்போன் டிஜிட்டல். பழசெண்டால் கரகரத்தெண்டாலும் பிடிக்கும். இது பிடிச்சால் பளிங்கு, பிடிக்காட்டி பிணம்.

அப்ப முந்தி எப்பிடிப் பிடிச்சதோ? அது... லிப்ட் கொஞ்சம் மேலை நிண்டது.

ஓம், அசையேல்லைத்தான்.

மெல்ல மூச்சை விடுங்கோ. கம்பனிக்காரர் அடிபடுற கதை சொல்லுறன். பின்லாந்துக்காரன் சின்னனா ஒண்டு விட்டால், அமெரிக்கன் மடிக்கிறதொண்டு விடுறான். சுவீடன்காரன் அன்டெனாவை அரைவாசியாக்கிறான். நான் கூட்டித் துடைக்கிற போன் கடையிலை ஒவ்வொரு மாசமும் கண்ணாடிக்குள்ளை புதுசு. அதுதான் நானும் மாசம் ஒண்டு மாத்துறன். பூசை முடிய வாசல்லை நிண்டு கதைச்சால் சனம் வாயைப் பிளக்கும். வேலை தேடுற ஆக்களும் என்னட்டைத்தான் வருகினம்.

இல்லையண்ணை, தரேலாது. உங்கடை கை வேர்த்திருக்கு. பட்டால் பழுதாப்போம்.

பொறுங்கோ, ஆரோ படியிலை. அமலினி! எடி பிள்ளை, இஞ்சை, லிப்டுக்கை! அருளம்பலத்தாருக்கு முட்டு. ஓடிப்போய் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வா!

அண்ணை, ஏன் அவளைப் போகவேண்டாம் எண்டுறியள்? போன் எடுத்தாச்சு எண்டு ஏன் சொல்லுறியள்? பேசாமலிருங்கோ, அவள் ஓடட்டும்.

பிள்ளை, சிரிக்காதை. இப்ப அதுவே கதை? கத்தாதையடி, அவருக்குக் கேக்கும்!

கேட்டிட்டுதோ அண்ணை?

ஓம். அவளும் நானும்தான் அந்தக் கடை கூட்டுறது. புது மொடல் வர, கண்ணாடிக்குள்ளை காட்டுக்கு வைச்ச பழைய போனின்ரை வெறுங்கோதைக் குப்பையிலை போடுவாங்கள். என்ரை கையிலை இருக்கிறதும் அதுதான்.

வாயாலை ரிங் அடிச்சது நான்தான். இருவது நிமிசம் எண்டவனும் நான்தான்.